முதலில் குறைவது கை கழுவும் நேரம்

அறுவை அரங்குச் செவிலியர்களுக்குத் தொற்றுத் தடுப்பு முறைகள் தெரியும், கடைப்பிடிப்பதில்தான் குறை என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. பாதிதான் சரி. குடியாத்தம் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் 22 ஆண்டுகள் தியேட்டர் செவிலியராக இருந்தவள் நான். முழங்கை வரை 2 முதல் 5 நிமிடம் தேய்த்துக் கழுவ வேண்டும் என்பது எங்களில் யாருக்குத் தெரியாது? காலையிலேயே ஆறு கேஸ், செவிலியர் இரண்டே பேர், "சீக்கிரம் அடுத்தவரைக் கொண்டு வாருங்கள்" என்று டாக்டர் குரல் கொடுக்கிறார். அப்போது முதலில் குறைவது அந்த நிமிடங்கள்தான்.

அறியாமையும் உண்டு, மறைக்க மாட்டேன். கருவிப் பொட்டலத்தை ஆட்டோகிளேவில் (நீராவியால் கிருமி நீக்கும் இயந்திரம்) வைக்கும்போது மேலே ஒட்டும் டேப்பில் கறுப்புக் கோடு வந்துவிட்டால் உள்ளிருக்கும் கருவிகள் சுத்தம் என்றே பல ஆண்டுகள் நம்பியிருந்தேன். பொட்டலத்தின் வெளிப்புறம் சூடு பட்டது என்பதற்கு மட்டும்தான் அது அடையாளம். 121 டிகிரி நீராவி உள்ளே போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க, பொட்டலத்துக்குள்ளும் நிறம் மாறிக் காட்டும் ஓர் இண்டிகேட்டர் பட்டை வைக்க வேண்டும். வேலூரில் படித்துவிட்டுப் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு தங்கைதான் இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். 1909இலேயே அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கடர் செவிலியர் பள்ளி தொடங்கிய ஊர் அது. சுற்றியுள்ள சிறு மருத்துவமனைகளின் செவிலியர்களுக்கும் ஆண்டுக்கு இரண்டு நாளாவது, சம்பளத்தைப் பிடிக்காமல், அங்கே பயிற்சி கிடைக்கச் செய்யுங்கள்.