நாங்கள் கேட்டது ஒரு தேதி

பினாங்கில் எங்கள் பிளாட்டில் 41 நாள் நின்றுகிடந்த லிஃப்ட் திரும்ப ஓடியதற்கு ரிப்பன் வெட்டினார்களே, அந்த ஞாயிற்றுக்கிழமை காணொலியை இந்நேரம் பார்த்திருப்பீர்கள். அதில் கருநீலச் சட்டை போட்டுக்கொண்டு "ஏன் 41 நாள்?" என்று கேட்பவன் நான்தான். அதற்கு முன்னால் நான் வணக்கம் சொன்னதும், ரிப்பன் வெட்ட வந்த அரசியல்வாதிக்கு நாற்காலி இழுத்துப் போட்டதும் வெட்டப்பட்டுவிட்டன. பரவாயில்லை. கேட்டது கேட்டதுதான்.

அதற்கு எங்கள் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் எனக்குக் கிடைத்த பட்டம் "நன்றி கெட்டவன்". எழுதியவர் எனக்கு மாமா முறை. என் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவர். அவர் எழுதியதற்குப் பதினேழு பேர் கைதட்டியிருக்கிறார்கள். அந்தப் பதினேழில் நாலு பேருக்கு இந்த 41 நாளில் காஸ் சிலிண்டரைத் தோளில் வைத்து மேலே கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். சொல்லிக்காட்டக் கூடாதுதான். சொல்லிவிட்டேன்.

எங்கள் பிளாட்டில் லிஃப்ட் இரண்டு. ஒன்று போன வருஷமே உயிரை விட்டது. மிச்சமிருந்த ஒன்றும் நின்றுபோய் 41 நாள் கழித்து ஓடியிருக்கிறது. அதற்குத்தான் அந்தச் சிவப்பு ரிப்பன். புது லிஃப்டா என்றால் அதுவும் இல்லை. பொத்தான் பலகைக்குப் பக்கத்தில் சாவியால் கீறிய பெயர்கள் அப்படியே இருக்கின்றன, ஐந்தாம் மாடிப் பொத்தான் இன்னும் உள்ளே போய்த்தான் கிடக்கிறது. ஆனால் வெளியே தொங்கும் பதாகை லிஃப்ட் கதவைவிடப் பெரிசு. எங்களுக்கு நன்றி தெரிவிக்கும் வேலையைக்கூட வைக்காமல் எங்கள் சார்பில் அவர்களே நன்றி அச்சடித்துக் கொண்டுவந்து கட்டிவிட்டார்கள்.

இந்த 41 நாளில் கீழே அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது ஒரே ஒரு தாள். "லிஃப்ட் ரோசாக். ஹராப் மஆஃப்." மலாயில் லிஃப்ட் பழுது, மன்னிக்கவும் என்று அர்த்தம். அவ்வளவுதான். தேதி கிடையாது. தொலைபேசி எண் கிடையாது. யார் ஒட்டியது என்றுகூடக் கிடையாது. கேட்டால் "நாளைக்கு வருவார்கள்" என்பார்கள். மறுநாள் கேட்டாலும் அதே நாளைக்குத்தான்.

நாங்கள் கேட்டது ஒரு தேதி. லிஃப்டை உடனே ஓட்டு என்றுகூட நாங்கள் சத்தம் போடவில்லை.

தேதியில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் ஒன்பதாம் மாடி அக்காவைக் கேட்கலாம். செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் அவருக்கு டயாலிசிஸ். காலை ஐந்தரைக்கு அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, இடுப்பில் சால்வையைச் சுற்றிக் கட்டி இறக்குவோம். முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர். அவர் மகன், நான், எட்டாம் மாடி மலாய்க்கார அபாங், அப்புறம் அன்று யார் கண்ணில் படுகிறார்களோ அவர். இறங்கும்போதாவது தூங்கி எழுந்த முகம். திரும்பி வரும்போது ஆளே துவண்டு கிடப்பார். படி திரும்பும் இடத்தில் நாற்காலிக் கால் சுவரில் உரசும், அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார். மூன்றாவது வாரம் நாற்காலியின் கால் ஒன்று விரிசல் விட, கோப்பிக்கடை சீனப் பெரியவரிடம் மரநாற்காலி இரவல் வாங்கினோம். "41 நாள் ஆகும்" என்று முதல் நாளே ஒருவர் சொல்லியிருந்தால் அக்காவைப் பட்டர்வொர்த்தில் மகள் வீட்டில் கொண்டுபோய் விட்டிருப்போம். அங்கேயே ஒரு மையத்துக்கு மாற்ற எழுதிக் கேட்டிருப்போம். தினமும் "நாளைக்கு" என்றதால் வாரம் மூன்று நாளும் தூக்கினோம். அதுதான் தேதியில் இருப்பது.

சொன்னால் மக்கள் ஒத்துழைப்பார்களா என்று இழுக்காதீர்கள். 2024 ஜனவரியில் இதே பினாங்கில் நாலு நாள் தண்ணீர் நின்றது. சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்தில் இரண்டு பெரிய வால்வுகளை மாற்றினார்கள். லட்சக்கணக்கான வீடுகள். ஆனால் பல வாரம் முன்னாடியே ஜனவரி 10 முதல் 14 வரை என்று சொல்லிவிட்டார்கள். என் அம்மா பொங்கலுக்கு வாங்கிய அண்டா உட்பட வீட்டில் உள்ள எல்லாவற்றிலும் பிடித்து வைத்தார். முனகினோம், குளிக்காமல் வேலைக்குப் போனோம், முடிந்தது. தேதி தெரிந்த கஷ்டம் வேறு, தெரியாத கஷ்டம் வேறு.

சரி, மாமாவின் கேள்விக்கு வருகிறேன். "பாதிப் பேர் பராமரிப்புக் கட்டணமே கட்டுவதில்லை, எந்த வாயால் கேட்கிறீர்கள்?" உண்மை. கோவிட் சமயத்தில் நானே மூன்று மாதம் பாக்கி வைத்திருந்தேன், பிறகு தவணையில் கட்டினேன். ஆனால் கட்டியவர்கள்? ஒன்பதாம் மாடி அக்கா ஒரு மாதம் விட்டதில்லை. அடுக்குமாடி நிர்வாகத்துக்கான 2013 சட்டப்படி மாதக் கட்டணத்தோடு இன்னொரு 10 விழுக்காடு கட்டடத்தின் சேமநிதிக்கும் போகிறது. லிஃப்ட் மாதிரிப் பெரிய செலவுக்குத்தானே அது? அந்தப் பணம் எங்கே என்று கேட்டால் கட்டாதவனைக் கைகாட்டுகிறீர்கள். கட்டாதவன் வீட்டுக் கதவைத் தட்டுங்கள், நானும் கூட வருகிறேன். அவன் பெயரைச் சொல்லி அக்காவைப் படியில் இறக்காதீர்கள்.

"உதிரிபாகம் வெளிநாட்டிலிருந்து வரணும்." வரட்டும். அதை அந்தத் தாளில் எழுத எவ்வளவு மை செலவாகும்? "பிள்ளைகள் பொத்தானை உடைக்கிறார்கள், மோட்டார் சைக்கிளை உள்ளே ஏற்றுகிறார்கள்." ஆமாம், நானும் திட்டியிருக்கிறேன்.

"மாநில அரசாங்கம் காசு கொடுத்ததே, அதற்காவது நன்றி சொல்லலாமே?" இது நல்ல கேள்வி. பினாங்கில் இப்படிப்பட்ட பிளாட்டுகளின் லிஃப்ட், கூரை, தண்ணீர்த் தொட்டி பழுதுக்கு 80 விழுக்காடு வரை கொடுக்கும் நிதி இருக்கிறது. நல்ல திட்டம், மனதாரச் சொல்கிறேன். ஆனால் அந்த 80 யார் காசு? பதாகையில் சிரிக்கிறவர் தன் மனைவி தாலியை அடகு வைத்தா கொண்டுவந்தார்? வரிக்காசை வரி கட்டினவனுக்கே செலவு செய்துவிட்டு, அதில் ரிப்பனும் கட்டி, நன்றியும் கேட்டால் எப்படி?

"நீ எதிர்க்கட்சி ஆள்." வந்துவிட்டதா? இதற்குத்தான் காத்திருந்தேன். நான் யாருக்கு ஓட்டுப் போட்டேன் என்று என் அம்மாவுக்குக்கூடத் தெரியாது. பதாகையில் இருப்பவருக்கே போட்டிருந்தால் என்ன செய்வீர்கள்? ஓட்டுப் போட்டவன் கேள்வி கேட்கக் கூடாதா, போடாதவன் கேட்கக் கூடாதா, யார்தான் கேட்கலாம் என்று ஒரு பட்டியல் போடுங்கள். அதையாவது அந்தப் பலகையில் ஒட்டுங்கள்.

இன்னொன்று. இந்த ஊரில் நகராண்மைக்கும் ஓட்டுப் போட்ட காலம் உண்டு. சுதந்திரத்துக்கு முன்பே, 1951-லேயே ஜார்ஜ்டவுனில் தேர்தல் நடந்தது. 1957-இல் அது மாநகரானபோது முதல் மேயராக உட்கார்ந்தவர் டி.எஸ். ராமநாதன். பழைய ஸ்காட் ரோட்டுக்கு இப்போது அவர் பெயர்தான். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய என் தாத்தா, சாக்கடை அடைத்துக்கொண்டால் கவுன்சிலர் வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டுவாராம். "ஓட்டுக் கேட்டு வந்தானே, வழி தெரியாதா எனக்கு" என்பாராம். 1965-இல் இந்தோனேசியாவோடு மோதல் என்று உள்ளாட்சித் தேர்தலை நிறுத்தினார்கள். மோதல் அடுத்த வருஷமே முடிந்தது. தேர்தல் மட்டும் இன்னும் திரும்பவில்லை. இன்று கவுன்சிலர்கள் எல்லாரும் நியமனம். என் பிளாட்டுக்கு எந்தக் கவுன்சிலர் என்று எனக்குத் தெரியாது, அவருக்கும் என் கதவு தெரியாது. எங்கேயோ ஆரம்பித்து எங்கேயோ போகிறேன் என்கிறீர்களா? எனக்கு எல்லாம் ஒன்றாகத்தான் படுகிறது. தாத்தா கதவைத் தட்டினார். நான் "ஏன் 41 நாள்" என்று கேட்டதற்கே நன்றி கெட்டவன்.

மாமா, உங்கள் சொல்லைவிட வலித்தது ஒன்று இருக்கிறது. குழுவில் போட்ட படத்தை நேற்று ராத்திரி பெரிதாக்கிப் பார்த்தேன். ரிப்பனுக்குப் பின்னால் என் அம்மா கைதட்டிக்கொண்டு நிற்கிறார். முட்டிவலியோடு 41 நாளில் தண்ணீர்மலைக் கோயிலுக்கு ஒரு வெள்ளிக்கிழமைகூடப் போக முடியாதவர். பதினோராம் மாடி, 176 படி. ஏன்மா கைதட்டினாய் என்று கேட்டேன். "வந்த மனுஷன் முகம் சுருங்கக் கூடாதுல்ல" என்றார். அப்புறம், "நீ கொஞ்சம் மெதுவாக் கேட்டிருக்கலாம்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

திங்கட்கிழமை குழுவில் மூன்று கேள்வி போட்டேன். என்ன பாகம் மாற்றினீர்கள், அடுத்த சர்வீஸ் எப்போது, இன்னொரு லிஃப்ட் எந்த மாதம். நீல டிக் விழுந்துவிட்டது. பதில் வரவில்லை. இடையில் யாரோ காலை வணக்கம் ரோஜாப்பூ அனுப்பியிருக்கிறார்கள்.

கோப்பிக்கடைப் பெரியவர் நேற்று மரநாற்காலியைக் கேட்டார். இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் அங்கிள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.