பிரிட்டன் சீர்திருத்தவாதிகளுக்கும் அமெரிக்கக் கறுப்பினத்தவருக்கும் இருந்த உறவு 1865-ஓடு முடிந்துவிடவில்லை
"அமெரிக்காவில் 1865-இல் அடிமை முறை ஒழிந்ததும் பிரிட்டன் சீர்திருத்தவாதிகள் வேலை முடிந்தது என்று ஒதுங்கிவிட்டார்கள்" என்கிறது, இந்த உறவைப் பற்றி வந்த கட்டுரை. பலர் ஒதுங்கியது உண்மைதான், ஆனால் எல்லோரும் இல்லை. இங்கிலாந்தின் சாமர்செட்டில் ஸ்ட்ரீட் என்ற சிற்றூரில் வாழ்ந்த குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த பெண் கேத்தரின் இம்பி, 1888-இல் ஒரு சிறு பத்திரிகை தொடங்கினார். அதன் பெயரே 'ஆன்டி-காஸ்ட்', அதாவது 'சாதி எதிர்ப்பு'. நிற வேற்றுமையைச் சாதி என்ற சொல்லால் அவர் அழைத்ததை நம் வாசகர்கள் கவனிக்க வேண்டும். அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் 1892-இல் தன் நண்பர்களைக் கும்பல் கொன்றதைக் கண்டித்து எழுதிய கறுப்பினப் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸை 1893-இல் பிரிட்டனுக்கு அழைத்தவர்கள் இம்பியும் ஸ்காட்லாந்து எழுத்தாளர் இசபெல்லா மேயோவும்தான். அப்புறம் நடந்ததுதான் மனதை வருத்துகிறது. மேயோ வீட்டில் தங்கியிருந்த இலங்கைக்காரர் ஜார்ஜ் பெர்டினாண்ட்ஸுக்கு இம்பி தன் காதலைச் சொல்லிக் கடிதம் எழுத, மேயோ கொதித்துப்போய் இம்பியை இயக்கத்திலிருந்தே விலக்கச் சொன்னார். ஒரு வெள்ளைப் பெண் வேற்று நிற ஆணை விரும்பியதாகச் சொன்னதற்கே இவ்வளவு கோபம், அதுவும் சகோதரத்துவம் பேசிய இடத்தில்! வெல்ஸ் இம்பியைக் கைவிட மறுத்தார், அதனால் மேயோவின் ஆதரவை இழந்தார். ஆனாலும் 1894-இல் மறுபடியும் பிரிட்டன் வந்து ஊர் ஊராகப் பேசினார். அந்த ஆண்டே லண்டனில் கும்பல் கொலைக்கு எதிரான குழு ஒன்றும் அமைந்தது. கட்டுரை இந்த முப்பது ஆண்டுகளை ஒரே வரியில் தாண்டிப் போவது சரியில்லை.