அந்த வளையத்தைத் திருப்ப இரண்டு நிமிடம் ஆகாது

என் காரின் டேஷ்கேமில், அதாவது முன்கண்ணாடியில் மாட்டிய கேமராவில், பதிவான எட்டு நொடிக் காணொளி. நேற்றிரவு அதை நாற்பது முறையாவது ஓட்டிப் பார்த்திருப்பேன். சிங்கப்பூரின் பிஐஇ விரைவுச்சாலையில் சாங்கி நோக்கிப் போகும் பக்கம், தோ பாயோவை நெருங்கும் இடம், காலை எட்டரை மணி, வெயில் நேரே முகத்தில். இடப்பக்கத் தடத்திலிருந்து ஒரு வெள்ளை கார் சைகை விளக்குப் போடாமல் குறுக்கே நுழைகிறது. என் முன் பம்பரின் ஓரத்தை உரசுகிறது. நிற்காமல் போகிறது. மூன்றாவது நொடியிலிருந்து ஆறாவது நொடிவரை அந்தக் காரின் முதுகு முழுவதும் என் கேமராவுக்கு நேர் எதிரே இருக்கிறது. எண் பலகை இருக்கவேண்டிய இடத்தில் என்ன தெரிகிறது தெரியுமா? என் டேஷ்போர்டில் கிடக்கும் டிஷ்யூ பெட்டி, முன்கண்ணாடியில் பிரதிபலித்தபடி!

பெட்டியின் மேல் அச்சடித்த நீலப் பூக்கள் தெளிவாகத் தெரிகின்றன. ஐந்து பூக்கள். ஒவ்வொன்றின் இதழையும் எண்ணிவிட்டேன். எண் பலகையில் முதல் எழுத்து ‘எஸ்’ என்பது மட்டும் புரிகிறது. இந்த ஊரில் ஓடும் கார்களில் பெரும்பாலானவை ‘எஸ்’தானே, அதை வைத்துக்கொண்டு நான் யாரைப் போய்ப் பிடிப்பது?

இப்படி ஆகக்கூடாது என்றுதானே மூன்று வாரத்துக்கு முன் காக்கி புக்கிட் பக்கம் ஒரு பட்டறையில் 45 சிங்கப்பூர் வெள்ளி கொடுத்து டேஷ்கேமுக்குப் போலரைசர் ஃபில்டர், அதாவது கண்ணாடிப் பிரதிபலிப்பைத் தடுக்கும் வடிகட்டி, மாட்டினேன்! வேலை செய்த தம்பி அதை லென்ஸின் மேல் வைத்து ஒரு அழுத்து அழுத்தினான். “முடிந்தது அண்ணே” என்றான். “வெயிலில் நிறுத்திப் பார்க்கவேண்டாமா தம்பி?” என்று கேட்டேன். “வேண்டாம் அண்ணே, மாட்டினாலே வேலை செய்யும்.” பட்டறைக்குள் குழல்விளக்கு வெளிச்சம். கண்ணாடியில் பிரதிபலிப்பே இல்லாத இடம். அங்கே நின்றுகொண்டு வேலை செய்யும் என்று எதைப் பார்த்துச் சொன்னான்? அந்த ஃபில்டரின் விளிம்பில் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கிறது. வளையம் சுழல்கிறது. சுழற்றத்தானே ஐயா வளையம் வைத்தார்கள்?

கண்ணாடியில் சாய்வாகப் பட்டுத் திரும்பும் ஒளி பெரும்பாலும் ஒரே திசையில் அதிரும். எந்தக் கோணத்தில் பட்டால் அது முழுக்க அப்படி ஆகும் என்பதை ஸ்காட்லாந்து இயற்பியலாளர் டேவிட் புரூஸ்டர் 1815-இலேயே விதியாக எழுதிக் கொடுத்துவிட்டார். கண்ணாடிக்கு ஏறத்தாழ 56 பாகை. டேஷ்போர்டில் விழும் வெயில் முன்கண்ணாடியின் உட்புறத்தில் பட்டுக் கேமராவுக்கு வருவதும் இதே கதைதான். ஃபில்டர் ஒரு திசையில் அதிரும் ஒளியைத்தான் உள்ளே விடும்; அதைச் சரியாகத் திருப்பி வைத்தால் அந்தப் பிரதிபலிப்பு ஒளி தடைபடும். சாலையிலிருந்து வரும் ஒளியில் ஒரு பங்கு மட்டும் உள்ளே வரும். கால் சுற்று தவறினால் எல்லாம் தலைகீழ். பிரதிபலிப்பு அப்படியே உள்ளே வரும், சாலையின் வெளிச்சம்தான் பாதியாகக் குறையும். ஃபில்டரே இல்லாத கேமராவைவிட மோசமான படம்! அதற்குத்தான் நான் 45 வெள்ளி கொடுத்திருக்கிறேன்.

விபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள், அல்லது அடுத்த வேலைநாளுக்குள், காப்புறுதி நிறுவனத்திடம் சொல்லியாகவேண்டும். சொன்னேன். காணொளியைப் பார்த்த பெண் நல்ல மாதிரி. “எண் தெரியவில்லையே” என்று மெதுவாகத்தான் சொன்னார். அந்த மெதுவான குரல்தான் எனக்கு இன்னும் எரிகிறது. ஐந்து ஆண்டுகள் ஒரு கோரிக்கையும் வைக்காமல் ஓட்டிச் சேர்த்த 50 விழுக்காட்டுக் காப்புறுதிக் கட்டணத் தள்ளுபடி இப்போது என்ன ஆகும் என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை.

இன்று நண்பகல் எங்கள் புளோக்கின் பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் கூரையில்லாத மேல்தளத்துக்கு வண்டியை ஏற்றினேன். டேஷ்போர்டில் ஒரு வெள்ளைக் காகிதத்தை விரித்தேன். கைப்பேசியில் கேமராவின் நேரடிப் படத்தைத் திறந்துகொண்டு, இரண்டு விரலால் வளையத்தை மெல்ல மெல்லத் திருப்பினேன். திரையில் சுவர்மேல் படிந்திருந்த காகிதத்தின் வெள்ளை மங்கியது, இன்னும் மங்கியது, விளிம்பு மட்டும் நின்றது, பிறகு அதுவும் போய்விட்டது. பின்னால் மறைந்திருந்த சுவரில் தூண் எண் பளிச்சென்று வந்தது. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, கோபத்தில். இந்த இரண்டு நிமிடத்தைத்தான் அந்தப் பட்டறை எனக்குத் தரவில்லை. இரவில் இதே ஃபில்டர் இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் விழுங்கிவிடும், இருட்டிய பிறகு ஓட்டினால் கழற்றிவிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதையும் சொல்லவில்லை.

டிஷ்யூ பெட்டியைப் பின்னிருக்கைக்கு அனுப்பிவிட்டேன். டேஷ்போர்டில் கறுப்புத் துணி விரித்திருக்கிறேன்.

இத்தனையும் முடித்துக் கீழே மூன்றாம் தளத்துக்கு இறங்கினால், நான் வழக்கமாக நிறுத்தும் இடத்தின் நட்டநடுவில் பேரங்காடித் தள்ளுவண்டி! உள்ளே ஒரு காலி முட்டை அட்டை. யாரய்யா இதைத் தள்ளிக்கொண்டு மூன்று மாடி ஏறியது? வண்டியை எடுக்கப் பூட்டில் போட்ட ஒரு வெள்ளி நாணயத்தைக்கூடத் திரும்ப எடுக்காமல் போட்டுவிட்டுப் போக எப்படி மனம் வருகிறது?