பௌர்ணமி தெரியாமல் கொழும்பு போனவன்

துணி வியாபார விஷயமாக முதன்முதலில் கொழும்பு போனபோது, புறக்கோட்டையில் ஒரு கடைக்காரர் என் சாம்பிள் பையைத் திறக்கவே விடவில்லை. "இப்ப கடை சாத்துற நேரம் அண்ணன். நாளைக்குப் போயா, எல்லாம் பூட்டு. நாளண்டைக்கு வாங்கோ" என்றார். நாளண்டைக்குக் காலையில் எனக்குச் சென்னை விமானம்.

போயா என்றால் பௌர்ணமி. இலங்கையில் எல்லாப் பௌர்ணமியும் விடுமுறை. வருடத்துக்கு 12, சில வருடம் 13. வங்கி இல்லை, அலுவலகம் இல்லை, மது விற்பனைக்கும் தடை.

வியாபாரிக்குப் பெரிய குழப்பம் வேறு இடத்தில் இருக்கிறது. அங்கே அரச விடுமுறை, வங்கி விடுமுறை, வர்த்தக விடுமுறை என்று மூன்று வகை. போயா மூன்றிலும் உண்டு, தைப்பொங்கலும் அப்படித்தான். ஆனால் தீபாவளிக்கு அரசு அலுவலகமும் வங்கியும்தான் லீவு. வர்த்தக விடுமுறைப் பட்டியலில் அது கிடையாது. அன்றைக்குத் தனியார் கம்பெனியில் உட்கார்ந்து ஆர்டர் பேசி முடித்துவிடலாம், வங்கியில் ஒரு காகிதமும் நகராது. அதனால் இப்போதெல்லாம் "லீவா?" என்று கேட்பதில்லை, "யாருக்கு லீவு?" என்றுதான் கேட்கிறேன்.

இதுகூடப் பரவாயில்லை. 1966 முதல் 1971 வரை அந்த நாட்டில் சனி, ஞாயிறுக்குப் பதில் போயா நாள்கள்தான் வார விடுமுறை. நிலவின் நான்கு கட்டங்களையும் வைத்துக் கணக்கு. சில வாரம் எட்டு நாள்கூட வரும். ஞாயிற்றுக்கிழமை வேலைநாள்! அப்போது வெளிநாட்டோடு ஏற்றுமதி இறக்குமதி பண்ணியவர்களை நினைத்தால் என் ஒரு நாள் ஒன்றுமே இல்லை.

"இவ்வளவு லீவு விட்டால் நாடு எப்படி உருப்படும்?" என்று திரும்பி வந்து புலம்புகிற நம் ஆட்களை எனக்குப் பிடிப்பதில்லை. ஜனவரி நடுவில் நம்ம சென்னைக்கு வந்து இறங்கும் கொழும்பு வியாபாரியை யோசித்துப் பாருங்கள். பொங்கலுக்கு அவர் ஊரில் ஒரு நாள் லீவு, இங்கே மூன்று நாள். பாதி நகரம் பஸ் ஏறி ஊருக்குப் போயிருக்கும். திருவள்ளுவர் தினத்தன்று டாஸ்மாக்கும் கிடையாது, கறிக்கடையும் கிடையாது. அவர் போய் நம்மைப் பற்றி என்ன சொல்லுவார்?

தப்பு என்னுடையதுதான். போனில் விமானக் கட்டணம் எந்த நாளில் குறைவு என்று மட்டும் பார்த்தேன். பௌர்ணமியன்று திருவண்ணாமலைப் பக்கம் போனால் பஸ்ஸும் ரூமும் கிடைக்காது என்று தெரிந்த எனக்கு, ஹாலில் தொங்கும் தினசரி காலண்டரைப் பார்க்கத் தோன்றவில்லை. ஊர் திரும்பி அம்மாவிடம் கதையைச் சொன்னேன். கிரிவலம் போய்வந்த கால்வலியோடு உட்கார்ந்திருந்தார்.

"என்னைக் கேட்டிருக்கலாமேடா" என்றார்.