டயர் மேல இஞ்சினை உக்கார வச்சு பிளாஸ்டிக் சுத்துனா அது பேக்கிங்கா?

பழைய கார் இஞ்சின் வாங்கி லோரில வரவழைச்சவங்களுக்கு நான் ஒன்னும் விளக்க வேண்டியதில்ல. காலையில போன் வரும், "பாஸ், சாமான் வந்துருச்சு, கீழ வாங்க"ன்னு. சந்தோஷமா இறங்கிப் போவோம், லோரி கதவு திறக்கும், வயிறு எரியும். நேத்து எனக்கு எரிஞ்சுது. இன்னும் அடங்கல.

டொயோட்டாவோட ஃபோர்-ஏஜி பிளாக்டாப் இஞ்சின். 20 வால்வ், கூடவே சிக்ஸ் ஸ்பீட் கியர்பாக்ஸ். என் கொரோல்லா எஸ்இஜி காருக்கு இதைத்தான் போடணும்னு ரொம்ப காலமா காசு சேர்த்து, சிலாங்கூர் பக்கம் ஜப்பான் பழைய கார்களைப் பாதியா வெட்டிக் கொண்டுவந்து பார்ட்ஸ் விக்கிற ஒரு ஹாஃப்கட் கடையில பேசி முடிச்சு, முழுப் பணமும் கட்டியாச்சு. கட்டுறப்பவே தெளிவா சொன்னேன், பாஸ், மரப்பெட்டி அடிச்சு அனுப்புங்க, பெட்டிக்கு என்ன காசோ தனியா தர்றேன்னு. "கவலைப்படாதீங்க பிரதர், நாங்க டெய்லி அனுப்புறோம்"னாரு. இந்த "டெய்லி அனுப்புறோம்" இருக்கே, அதைக் கேட்டாலே இப்போ எனக்கு நெஞ்சு படபடங்குது. டெய்லி அனுப்புறீங்க சரி, டெய்லி உடைச்சு அனுப்புறீங்களா?

லோரி கதவு திறந்துச்சு. உள்ள சாமான் ஏத்துற மரத் தட்டு, ஒரு பழைய பாலட், அதுல நடுப்பலகை ஒன்னு இல்லவே இல்ல. பாலட் மேல தேஞ்சு போன ஒரு டயர். டயர் மேல என் இஞ்சின், கியர்பாக்ஸோட. அதைச் சுத்தி ஸ்ட்ரெச் பிலிம், சீர்வரிசைத் தட்டுக்கு கலர் பேப்பர் சுத்துற மாதிரி பளபளன்னு சுத்தி வச்சிருக்காங்க, மேல சிவப்பு ஸ்டிக்கர், கண்ணாடி கிளாஸ் படம் போட்டது. போல்ட் ஒன்னு கூட கிடையாது. பெல்ட் கிடையாது. ஒரு ஆணி கூட இல்ல. 150 கிலோவுக்கு மேல கனம் இருக்குற இரும்பை, சாப்பாடு மூடுற பிளாஸ்டிக்கை நம்பி வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில பினாங்கு வரைக்கும் ராத்திரி பூரா ஓட்டிட்டு வந்திருக்காங்க. ஈப்போ தாண்டி மெனோரா சுரங்கம் பக்கம் இறக்கத்துல வளைவுல லோரி எப்படி ஆடும்னு ஓட்டுனவனுக்குத் தெரியும். அங்க எங்கயோதான் சாஞ்சிருக்கணும். டயர்ல இருந்து நழுவி ஒரு பக்கமா விழுந்து கிடக்கு. விழுந்தது எந்தப் பக்கம்? இஞ்சினுக்குள்ள போற காத்தைத் திறந்து மூடுற திராட்டில் பாடி பக்கம்.

பிளாக்டாப் தெரிஞ்சவங்களுக்கு இப்பவே புரிஞ்சிருக்கும். இந்த இஞ்சினுக்கு சிலிண்டருக்கு ஒன்னுன்னு நாலு திராட்டில் பாடி, வரிசையா வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும், அதுக்கு மேல காத்து உள்ள போக கறுப்பு பிளாஸ்டிக் குழல். இந்த இஞ்சினை ஆசைப்பட்டு வாங்குறதே அதுக்காகத்தான். மூணாவது பாடியோட காது தனியா உடைஞ்சு பிளாஸ்டிக்குள்ள கிடந்துச்சு, உடைஞ்ச இடம் புது அலுமினியமா வெள்ளையா மின்னுது. ஷாஃப்ட் வளைஞ்சு போச்சு, விரலால திருப்பிப் பாத்தேன், பாதியில பிடிக்குது. பிளக்குக்கு கரண்ட் பிரிச்சு அனுப்புற டிஸ்ட்ரிபியூட்டர், அதோட மூடி ரெண்டு துண்டு.

சரி, இதெல்லாம் வெளிய தெரியுற காயம். எனக்கு ரத்தம் கொதிச்சது அடியில சம்ப்பை, அதாவது ஆயில் தேங்கி நிக்கிற தொட்டியைப் பாத்தப்போ. நல்லா உள்ள நசுங்கிக் கிடக்கு. கடைக்காரருக்குப் போன்ல சொன்னா, "அது சும்மா பாஸ், தட்டி எடுத்துரலாம்"ங்கிறாரு. சும்மாவா? சம்ப்புக்குள்ள ஆயில் உறிஞ்சுற பிக்கப், அதோட சல்லடை, அடிமட்டத்துல இருந்து கொஞ்சம்தான் மேல இருக்கும். சம்ப் நசுங்கி அதை முட்டுனா ஆயில் சரியா ஏறாது, ஆயில் ஏறலன்னா பேரிங் போயிரும், கிராங்க் போயிரும். வெளிய பாத்தா சின்ன நசுக்கல், கவனிக்காம மாட்டி ஸ்டார்ட் பண்ணவன் இஞ்சினையே தூக்கிப் போட வேண்டியதுதான். இதை ஒரு இஞ்சின் விக்கிற ஆளுக்கு நான் சொல்லித் தர வேண்டியிருக்கு.

அதோட, ஆயிலும் வடிக்கல! ஓடுன ஆயில் உள்ளயே இருந்து, சாஞ்சதும் வழிஞ்சு, பாலட் கறுப்பு, லோரி தரை கறுப்பு, பக்கத்துல யாரோ பாவம் அவங்க அரிசி மூட்டை, அதுவும் கறுப்பு. அந்த மூட்டைக்காரங்க இந்நேரம் எங்க உக்காந்து யாரைத் திட்டிக்கிட்டு இருக்காங்களோ.

அப்புறம் ஆரம்பிச்சது பந்து விளையாட்டு. கடைக்காரர், "நாங்க நல்லாத்தான் கட்டுனோம், லோரிக்காரனைக் கேளுங்க." லோரி கம்பெனி, "ரசீதுக்குப் பின்னாடி பாருங்க, ஓனர் ரிஸ்க்குன்னு போட்டிருக்கு, பேக்கிங் சரியில்லன்னா நாங்க பொறுப்பில்ல." திரும்ப கடைக்காரர், "அப்ப நீங்க இன்சூரன்ஸ் எடுத்திருக்கணும்." இன்சூரன்ஸ்! கார்கோ இன்சூரன்ஸ்ல உலகம் பூரா பயன்படுத்துற விதிமுறை இன்ஸ்டிட்யூட் கார்கோ கிளாசஸ் ஏ, எல்லா ஆபத்துக்கும் கவர்னு சொல்லி விப்பாங்க, அதுலயே பிரிவு 4.3-ல தெளிவா போட்டிருக்கு, பேக்கிங் பத்தாம வந்த நஷ்டத்துக்குக் காசு கிடையாதுன்னு. இன்சூரன்ஸ் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி வேற யாரோ கட்டுன பேக்கிங்கா இருந்தாலும் அதே கதிதான். அதாவது கட்டுனவன் சோம்பேறித்தனத்துக்கு வாங்குனவன் தலைதான் உருளும்.

டிரைவர் பையன் வேற அவசரப்படுறான். "அண்ணே, சைன் பண்ணுங்க, எனக்கு இன்னும் பாயான் லெப்பாஸ் போகணும்." நான் டிஓ-ல, அதாவது டெலிவரி ஆர்டர் காகிதத்துல, "இஞ்சின் சாய்ந்து உடைந்த நிலையில் வந்தது, ஆயில் கசிவு, பெட்டி இல்லை"ன்னு எழுதி, போட்டோ எடுத்து, அதுக்கப்புறம்தான் கையெழுத்து போட்டேன். அவன் மூஞ்சிய தூக்கி வச்சுக்கிட்டான். தம்பி, உன் மேல கோபமில்ல, ஆனா இந்தக் காகிதத்தை விட்டா என் கையில வேற ஒன்னுமே இல்ல. சுத்தமா வாங்கிக்கிட்டேன்னு ஒரு கையெழுத்து போட்டுட்டா அப்புறம் எவனும் போன் கூட எடுக்க மாட்டான்.

பெட்டி அடிக்கிறது என்ன பெரிய ராக்கெட் வேலையா? பிறைங்கிற ஊர்ல எனக்குத் தெரிஞ்ச ஒரு அண்ணன் ஆஸ்திரேலியாவுக்கு பழைய இஞ்சின் அனுப்புறாரு. அவர் பட்டறையில நான் நின்னு பாத்திருக்கேன். முதல்ல எல்லாத்தையும் வடிப்பாரு, ஆயில், ரேடியேட்டர் தண்ணி, குழாயில நிக்கிற பெட்ரோல், எல்லாம். பெட்ரோல் மிச்சம் இருந்தா அது அபாயப் பொருள், யுஎன் 3528-ன்னு அதுக்கு நம்பரே இருக்கு. அப்புறம் மண்ணு ஒட்டாம கழுவுவாரு, அந்த ஊர்ல மண்ணோட போனா உள்ளயே விட மாட்டாங்க. அடியில நாலங்குல மரச் சட்டம், ஃபோர்க்லிஃப்ட் கை நுழையுற இடைவெளி விட்டு. சட்டத்துல இருந்து இரும்பு பிராக்கெட் ஏத்தி, இஞ்சின் மவுண்ட் ஓட்டையிலயும் கியர்பாக்ஸ் மவுண்ட் ஓட்டையிலயும் போல்ட் போட்டு இறுக்குவாரு. கார்ல எந்த இடத்துல அந்தக் கனம் தொங்குதோ அதே இடத்துலதான் பெட்டியிலயும் தொங்கணும்பாரு. சம்ப்புக்கு அடியில கை விட்டா காத்துதான் இருக்கும், கட்டை படவே படாது. ஆணி அடிக்க மாட்டாரு, அதிர்வுல ஆணி மெல்ல வெளிய வந்துரும்னு, போல்ட்டும் பெரிய வாஷரும்தான். ரேச்சட் பெல்ட் ரெண்டு, அது பிளாக் மேல, வால்வ் கவர் மேலயோ குழாய் மேலயோ இல்ல. கழட்டக் கூடியது எதுவோ, டிஸ்ட்ரிபியூட்டர், திராட்டில் பாடி, சென்சார், எல்லாம் கழட்டி தனிப் பெட்டி. ஓட்டைங்களுக்கு மூடி, கடல்ல போறதுன்னா துரு பிடிக்காம காக்குற பை. கடைசியா பிளைவுட் சுவர், கூரை, கனம் எவ்வளவுன்னு நாலு பக்கமும் பெரிய எழுத்து.

அந்தக் கட்டைக்கே சட்டம் இருக்கு தெரியுமா? ஐஎஸ்பிஎம் 15, மரப் பேக்கிங்குக்கான சர்வதேச விதி. வெளிநாடு போற பதப்படுத்தாத மரம்னா, உள்நடு வரைக்கும் 56 டிகிரி சூடு 30 நிமிஷம் ஏத்தணும், இல்ல மருந்துப் புகை போடணும், போட்டதுக்கு மரத்துலயே கோதுமைக் கதிர் படத்தோட சாப், அதாவது முத்திரை குத்தணும். சாப் இல்லன்னா பூச்சிக்குப் பயந்து துறைமுகத்துலயே நிப்பாட்டிருவாங்க. பிளைவுட்டுக்கு இது வேணாம். கவனிச்சீங்களா, ஒரு மரப்பூச்சி தாண்டக் கூடாதுன்னு உலகமே ஒத்துமையா நின்னு டிகிரி கணக்கு போடுது. உள்ள இருக்குற இஞ்சின் விழக் கூடாதுன்னு நினைக்க நம்ம கடைக்காரருக்கு ரெண்டு மரச் சட்டமும் நாலு போல்ட்டும் வாங்க மனசு வரல. நான் காசு தர்றேன்னு சொல்லியும் வரல!

எனக்குப் பொறுக்காதது இதுதான். காசு மிச்சம் பிடிக்கிறவனைக் கூட புரிஞ்சுக்கலாம். இங்க காசு தர ஆள் ரெடி, மரம் பக்கத்துக் கடையில, வேலை அரை நாள். ஆனாலும் டயர். ஏன்னா உடைஞ்சா அவருக்கு ஒன்னும் இல்ல, காசு ஏற்கனவே அவர் பாக்கெட்ல. ஜப்பான்ல ஒருத்தன் கவனமா கழட்டி, கண்டெய்னர்ல கடல் தாண்டி போர்ட் கிள்ளான் வரைக்கும் ஒரு கீறல் இல்லாம வந்த இஞ்சின் அது, கடையில எடுத்த போட்டோ என்கிட்ட இருக்கு. சிலாங்கூர்ல இருந்து பினாங்குக்கு, ஒரே ராத்திரி, அதுல செத்துப் போச்சு.

இப்போ அவர் சொல்ற சமாதானம், "அடுத்த தடவை வாங்குறப்போ குறைச்சுத் தர்றேன் பிரதர்." அடுத்த தடவையா! திராட்டில் பாடி ஒத்தையா எவனும் விக்க மாட்டேங்கிறான், நாலும் செட்டாதான் வாங்கணுமாம், கேட்டா நான் கட்டுன இஞ்சின் விலையில பாதிய சொல்றான். சம்ப்பைக் கழட்டி பிக்கப்பைப் பாக்கணும், கிராங்க் சுத்துதான்னு பாக்கணும், கேஸ்கட் வாங்கணும். கடைக்காரருக்கு போட்டோ எல்லாத்தையும் அனுப்பிட்டேன், ரெண்டு நீலக் கோடு விழுந்துச்சு, பதில் இல்ல. பதில் வர்ற வரைக்கும் தினமும் அனுப்புவேன்.

இதுல, லோரி போனதுக்கப்புறம் பாத்தா உடைஞ்ச பாலட்டையும் ஆயில் பிளாஸ்டிக்கையும் என் கடை முன்னாடி கால்வாய்ல தள்ளிட்டுப் போயிருக்காங்க. ஏற்கனவே இந்த வரிசைக் கடைக்காரங்க பாதிப் பேரு குப்பைய அதுலதான் கொட்டுறாங்க, ஒரு மழை பெஞ்சா எங்க ஜெலுத்தோங்ல முட்டி வரைக்கும் தண்ணி நிக்குது, அப்போ மட்டும் எல்லாரும் வெளிய வந்து கவர்மென்ட் என்ன பண்ணுதுன்னு கேக்குறாங்க. யோவ், அந்தக் கால்வாய்ல கைய விட்டு ஒரு தடவை அள்ளிப் பாருங்கயா, எல்லாம் உங்க கடை பேர் போட்ட பையாத்தான் வரும்!