ஒரு லிசனர் போதும், ஆனால் டார்கெட் வரிசை அல்ல
வெப் பேஜில் கிளிக் போன்ற ஈவென்ட் நடந்ததும் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் ஃபங்ஷன்தான் லிசனர். "டேபிளுக்கு ஒரே கிளிக் லிசனர் போட்டால் போதும், ஈவென்ட் டார்கெட் அந்த வரிசையையே தந்துவிடும்" என்கிறீர்கள். முதல் பாதி சரி. 5,000 வரிசை இருந்தாலும் அவற்றை உள்ளடக்கிய டிபாடி உறுப்பில் ஒரு லிசனர் போதும். பிறகு சேர்க்கும் வரிசைகளுக்கும் அதுவே வேலை செய்யும். இரண்டாம் பாதிதான் தவறு. கிளிக் எந்த உறுப்பின் மேல் விழுகிறதோ அதுதான் டார்கெட். பெரும்பாலும் டிடி (டேபிளின் ஒரு கட்டம்), பட்டனுக்குள் ஐகான் இருந்தால் அந்த ஐகானை வரையும் எஸ்விஜி, சில சமயம் அதற்குள் வடிவத்தை வரையும் பாத். (பட்டனில் ஐகான் சேர்த்த அன்று டெலீட் வேலை செய்யாமல் எனக்கு அரை நாள் போனது.) டார்கெட்டின் மேல் குளோசஸ்ட் மெத்தடை 'டிஆர்' (வரிசை உறுப்பின் பெயர்) கொடுத்து அழையுங்கள், மேல்நோக்கித் தேடி வரிசையைத் தரும். வரிசை எதுவும் கிடைக்காமல் நல் (வெற்று மதிப்பு) வருகிறதா என்றும் பாருங்கள். அப்புறம், ஓர் உள்ளீட்டுப் பெட்டிக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் வரும் ஃபோகஸ், பிளர் ஈவென்ட்கள் பபிள் ஆகாது, அதாவது கிளிக் போல வெளி உறுப்புகளுக்கு ஏறி டிபாடியின் லிசனரை எட்டாது. அவற்றுக்கு ஃபோகஸ்இன், ஃபோகஸ்அவுட்தான்.