ஓட்மேன் கழுதைகள் பற்றி ஒரு சின்னத் திருத்தம்

இணையத்தில் பகிரப்படும் ஓட்மேன் கழுதைகளின் படங்கள் அருமை, அதிலும் பாறைச் சரிவில் குட்டியோடு நிற்கும் அந்தப் படம். ஆனால் அதன் கீழே, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஓட்மேன் என்ற ஊர்ப் பக்கம் பிளாக் மலைகளில் திரியும் இந்தக் கழுதைகள் அமெரிக்கப் பாலைவனத்தின் ஆதி காட்டு விலங்கினம் என்று ஒருவர் எழுத, பலரும் அதையே பகிர்கிறார்கள். அது மட்டும் சரியில்லை.

இவை வீட்டுக் கழுதைகளின் வாரிசுகள். ஆப்பிரிக்கக் காட்டுக் கழுதையை மனிதர்கள் 5,000 ஆண்டுகளுக்கும் முன்பே பழக்கினார்கள். ஸ்பானியர்கள் அதை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார்கள். ஓட்மேன் பக்கம் தங்கச் சுரங்கக்காரர்கள் மூட்டை சுமக்க வைத்திருந்தார்கள். சுரங்கத் தொழில் படுத்ததும் அவிழ்த்து விட்டுவிட்டார்கள். குதிரைக் குடும்பம் வட அமெரிக்காவில்தான் தோன்றியது என்பது உண்மை. குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம். ஆனால் அங்கிருந்த குதிரைகள் சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டன.

நீங்களே சரிபார்க்கலாம். படத்தைப் பெரிதாக்கி, சாம்பல் நிறக் கழுதையின் தோளைப் பாருங்கள். முதுகில் ஓடும் கருங்கோட்டைக் குறுக்காக இன்னொரு கோடு வெட்டும். நம்மூர் வண்ணான்துறைக் கழுதைக்கும் அதே சிலுவைக்கோடு உண்டு. ஆப்பிரிக்கக் காட்டுக் கழுதையின் ஒரு வகையான நூபியக் காட்டுக் கழுதையின் படத்தைத் தேடினால் அதிலும் தெரியும். (கருத்த கழுதையில் தேடாதீர்கள், கண்ணுக்குப் படாது.)

அப்புறம், இவற்றைப் பாதுகாக்கும் 1971ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் இணையத்திலேயே கிடைக்கிறது. அதில் வரையறைப் பகுதியைப் படியுங்கள்: பொது நிலத்தில் திரியும், சூட்டுக்குறி (உரிமையாளர் சூடு போட்டு வைக்கும் அடையாளம்) இல்லாத, யாரும் உரிமை கோராத குதிரைகளும் கழுதைகளும் என்றுதான் இருக்கிறது. ஆதி காட்டு விலங்கைப் பற்றிச் சூட்டுக்குறி உண்டா இல்லையா என்று யாரும் எழுத மாட்டார்கள்.